நொய்யலில் ஓடுவது யாருடைய தண்ணீர்? மனு கொடுக்கும் முன் ஒரு விவாதம்

கடைமடைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நொய்யலின் கீழ்ப்பகுதி ஆயக்கட்டை (ஆற்றுப் பாசன நிலப்பரப்பை) சேர்ந்த சிலர் கூடி, ஆற்றை மீட்பது பற்றி மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் ஒரு மனு கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான், எதை மீட்கச் சொல்கிறோம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்று தெரிந்தது. இந்தக் குழுவில் கோவைக்காரர்களும் திருப்பூர்க்காரர்களும் பவானிப் பாசனத்தாரும் இருப்பதால் வரைவின் சாரத்தை இங்கே வைக்கிறேன். குறை சொல்லத் தயங்க வேண்டாம்.

காஞ்சிமாநதி என்று புராணம் பாடினாலும், நொய்யல் வற்றாத ஆறாக இருந்ததில்லை. வெள்ளிங்கிரி அடிவாரத்தில் சின்னாறும் பெரியாறும் கூடுதுறையில் சேர்ந்து ஆறாகி, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் வெள்ளம் வரும். சமவெளியிலோ ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. என் சிறு வயதில் மாசி, பங்குனியில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். என் தாயார் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, முதலில் வரும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகு கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்புவார். அதே இடத்தில் இன்று பங்குனியிலும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. ஆனால் மாட்டை இறக்கினால், அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

கோடையில் ஓடும் இந்தத் தண்ணீர் மேலே பெய்த மழை கொடுத்ததன்று. கோவை மாநகரமும் சுற்றியுள்ள ஊர்களும் குடிப்பது சிறுவாணி, பில்லூர், ஆழியாறு தண்ணீரை. சிறுவாணியும் பில்லூரும் பவானிப் படுகையைச் சேர்ந்தவை. ஆக, பவானியின் நீர் குழாயில் ஏறி நகரத்துக்கு வந்து, சாக்கடையில் இறங்கி நொய்யலுக்கு வருகிறது. நகரின் கழிவுநீருக்காக உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி, நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி என்று மூன்று சுத்திகரிப்பு நிலையங்கள் திட்டமிடப்பட்டன. மூன்றும் முழுக் கொள்ளளவில் இயங்கினால் நாளொன்றுக்கு 17 கோடி லிட்டர். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.19 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). பவானி நீரை அவிநாசி வட்டாரக் குளங்களுக்கு ஏற்ற அறுபது ஆண்டுகள் போராடிப் பெற்ற அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் அளவு 1.5 டி.எம்.சி. என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனவே எங்கள் வரைவின் மையக் கோரிக்கை இது: நகரங்களின் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்க வேண்டும், சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்கு விற்காமல் ஆற்றிலேயே விட வேண்டும். இது நியாயமா, நடக்கக்கூடியதா என்று சொல்லுங்கள்.

சாயத்தொட்டி

ஐயா, மரியாதையுடன் ஒரு மறுப்பு. "தொழிற்சாலைகளுக்கு விற்காமல்" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் திருப்பூரில் ஒரு சிறிய சாயப்பட்டறையின் பங்குதாரர். என்னை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதை இதைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

1990களில் நாங்கள் செய்தது தவறு. அதை மழுப்பப் போவதில்லை. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயம் துணியில் ஏறிய பிறகு உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போனது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது; கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மூடச் சொன்ன நாளில் எங்கள் தொட்டியில் கருநீலச் சாயம் ஓடிக்கொண்டிருந்தது. பாதி ஏறிய நிறத்தோடு துணியை வெளியே எடுத்துப் போட்டோம். அந்த முந்நூறு கிலோ இன்னும் கிடங்கில் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

அதன்பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் முறை, சவ்வில் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ., மிஞ்சும் உவர்நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் கலன் என்று எல்லாம் வந்துவிட்டன. நீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடியும் தொட்டிக்கே கொண்டுவருகிறோம். இழப்பை ஈடுகட்ட மட்டும் புதுநீர் வாங்குகிறோம்; அது காவிரியிலிருந்து குழாயில் வருவது. அந்தப் புதுநீருக்குப் பதிலாகக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தந்தால், அதே அளவு காவிரி நீர் குடிநீருக்குக் கிடைக்குமல்லவா? சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்பேட்டைகளுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே முன்னேற்றம் என்று பெயர் பெற்றது இங்கே எப்படிக் குற்றமாகும்?

பேரூர் வடகரை

கீழே இருப்பவர்கள் தண்ணீரைப் பங்கு போடும் முன், மேலே என்ன நடக்கிறது என்பதையும் மனுவில் சேருங்கள். சித்திரைச்சாவடியில் தொடங்கி அணைக்கட்டுக்கு அணைக்கட்டு ராஜவாய்க்கால் பிரிந்து, குளம் நிறைந்து, மறுகால் பாய்ந்து, மிச்சம் மறுபடி ஆற்றில் சேர்வதுதான் இந்த ஆற்றின் அமைப்பு. குளங்களை விட்டுவிட்டு ஆற்றை மட்டும் மீட்க முடியாது. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் எங்கள் குளக்கரைகளுக்கு நடைபாதையும் வண்ண விளக்கும் வந்தன. மாலையில் குடும்பத்தோடு போய் வருகிறோம், மறுக்கவில்லை. ஆனால் குளத்துக்கு வரும் வாய்க்காலில் வீட்டுச் சாக்கடை இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வார்டுகளின் கழிவு உங்கள் 17 கோடி லிட்டரில் சேரவே சேராது. அது சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலையே மிதிக்காமல் நேராக ஆற்றுக்குப் போகிறது.

கடைமடைக்காரன்

பேரூர் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். 17 கோடி என்பது கட்டப்பட்ட கனவின் அளவு, ஓடும் நீரின் அளவு வேறு. மனுவில் அப்படியே எழுதுகிறேன்.

சாயத்தொட்டித் தம்பிக்கு: உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. ஆனால் ஒரு சட்டச் செய்தியைப் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு, குடிநீருக்கு எடுக்கும் நீரில் 20 விழுக்காடும் தொழிலுக்கு எடுக்கும் நீரில் 2.5 விழுக்காடும் மட்டுமே செலவழிவதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. மீதி ஆற்றுக்குத் திரும்பும் என்பது அதன் பொருள். பவானியும் நொய்யலும் காவிரிப் படுகைதான். குடிநீருக்காக எடுத்த நூறு குடத்தில் எண்பது குடம் ஆற்றுக்கு வரும் என்று ஏட்டில் எழுதி, அந்த ஏட்டின்படி மாநிலங்களுக்கு நீரைப் பங்கிட்டுவிட்டு, அந்த எண்பதையும் எடுத்து இன்னொருவருக்கு விற்றால், ஆற்றுக்குக் கீழே இருப்பவன் பங்கில்தானே கை வைக்கிறோம்? சென்னையின் கழிவுநீர் ஆற்றுக்குப் போகாவிட்டால் அடுத்த ஊரின் ஆயக்கட்டு காய்வதில்லை. அது முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டிய நீர். கோவையும் திருப்பூரும் மேட்டு நிலத்து ஊர்கள். நமக்குக் கீழே கரூர் இருக்கிறது, அதற்கும் கீழே டெல்டா இருக்கிறது.

காலிங்கராயன் பாசனம்

இழையை ஆரம்பம் முதல் கவனித்து வருகிறேன். "பவானியின் நீர் குழாயில் ஏறிச் சாக்கடையில் இறங்கி நொய்யலுக்கு வருகிறது" என்று எழுதிய ஐயா, அடுத்த வரியிலேயே அதை நொய்யலின் நீர் என்று உரிமை கொண்டாடிவிட்டார். பவானிக்காரர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தீர்களா?

13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி காவிரியில் கலக்கும் இடத்துக்கு அருகே அணை கட்டி வெட்டிய வாய்க்கால், பாம்பு போல வளைந்து வளைந்து சென்று ஆவுடையார்பாறையில் நொய்யலில் முடிகிறது. இரண்டு ஆறுகளையும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் வாய்க்கால் சேர்த்துவிட்டது. அதற்கு எந்த மோட்டாரும் தேவைப்படவில்லை. இன்று அதே அணைக்கட்டுக்குக் கீழிருந்துதான் அத்திக்கடவு நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி.தான். கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், எங்கள் 15,743 ஏக்கர், ஈரோட்டுக்குக் குடிநீர், அணைக்கு மேலே கோவைக்குப் பில்லூர், திருப்பூருக்குக் குடிநீர்: எல்லோரும் ஒரே மடியில் வாய் வைக்கிறோம்.

ஒவ்வொரு புதுத் திட்டமும் "உபரி நீர்" என்ற சொல்லோடுதான் வருகிறது. ஆனால் உபரி என்பதை யார், எந்த நாளில், எந்த மதகில் நின்று முடிவு செய்வது? முன்பதிவு செய்தவன் எல்லாம் சாப்பிட்ட பிறகு இலையில் மிஞ்சியது உபரி என்றால், ஆற்றுக்கு இலை போட்டவர் யாரும் இல்லை. மனுவில் ஆற்றுக்கென்று ஒரு பங்கு கேட்பதாக இருந்தால் நொய்யலுக்கு மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வாய்க்காலில் விழுந்த தோல், சாயக் கழிவைத் தனியே கொண்டுபோகப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்ததை நீங்களும் அறிவீர்கள். கழிவுக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த ஊர் எங்களுடையது.

அவிநாசிக் காட்டுக்காரன்

காலிங்கராயன் அண்ணா, "மேட்டுக்கு ஏற்றுகிறார்கள்" என்று எழுதும்போது மேட்டில் இருப்பவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. என் தோட்டத்தில் 1,200 அடி ஆழ்துளைக் கிணறு போட்டு, மூன்றாம் ஆண்டில் அதிலும் காற்றுதான் வந்தது. 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தோம். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நொடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் எடுத்து, 1,045 குளம் குட்டைகளுக்குப் பகிர வேண்டும். சராசரி போட்டால் ஒரு குட்டைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். எங்களை அபகரிப்பவர்கள் என்று சொல்ல வாய் வராது.

எங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வந்த அன்று குழாய் வாயில் முதலில் அரை மணி நேரம் காற்று மட்டும் சீறியது. பிறகு துருவும் சேறும் கலந்து துப்பியது. அதன்பிறகுதான் தண்ணீர். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குட்டைக்குள் இறங்கி நின்றார். பக்கத்துக் கிணறுகளில் ஊற்று எட்டிப் பார்க்க இரண்டு மாதம் ஆனது. அண்டைக் குட்டைக்கு அந்த ஆண்டு வரவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"கடலில் வீணாகும் நீர்" என்று மேடையில் நானும் முழங்கியிருக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும், குழாயில் வந்த நீரை விட்டுக்கொடுக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

கொடுமணல் தோட்டம்

ஆண்கள் எல்லோரும் டி.எம்.சி.யில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்; நான் குடத்தில் பேசுகிறேன்.

எங்கள் தோட்டம் கொடுமணலுக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1992இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை வந்தபோது என் மாமனார் ஊருக்கே பொரிகடலை வாங்கிக் கொடுத்தாராம். அணைத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு ஊறும், இரண்டு போகம் பார்க்கலாம் என்று நம்பியிருக்கிறார். ஊறியது உண்மைதான். சில ஆண்டுகளில் கிணற்றுத் தண்ணீரில் போட்ட பால் திரிந்தது. சோப்பு நுரைக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் காலையில் பார்த்தால் மாக்கோலம் போட்டது போல வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தென்னை ஓலை நுனியிலிருந்து கருகி வந்தது. பிறகு நீதிமன்றம் தலையிட்டு, அணையில் நீரைத் தேக்காமல் மதகைத் திறந்தே வைக்கும்படி ஆனது. பாசனத்துக்காகக் கட்டிய அணையை, தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வதற்காகக் காவல் காக்கும் விந்தை வேறு எங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

2011க்குப் பிறகு ஆறு மாறியிருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கிணறு கொஞ்சம் தெளிகிறது. ஆனால் மேலே மழை பெய்யும் இரவுகளில் ஆற்றில் நுரை வருகிறதே, அது ஏன் என்று சாயத்தொட்டி அண்ணாவைக் கேட்கிறேன். வெள்ளத்தோடு வெள்ளமாக யாரோ திறந்துவிடுகிறார்கள். ஒருமுறை எங்கள் மேடு வரை நுரை பறந்து வந்து, காய வைத்திருந்த சோளத்தட்டில் ஒட்டியது. அந்தத் தட்டை மாட்டுக்குப் போடவில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு என் கேள்வி இதுதான். நகரத்து நீரை ஆற்றில் விடச் சொல்கிறீர்கள். அது வந்து ஒரத்துப்பாளையத்தில் நின்றால், அடியில் படிந்து கிடக்கும் பழைய சேற்றின் மேல்தானே நிற்கும்? மீண்டும் எங்கள் கிணற்றுக்குத்தானே ஊறும்? அணையைத் தூர் வாராமல் மதகை மூடக் கூடாது என்ற வரி மனுவில் இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எங்கள் பக்கம் நாற்பது வீடுகளையும் போட விடமாட்டேன்.

சாயத்தொட்டி

சகோதரி கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். மழை இரவில் திறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பொது நிலையத்தில் உறுப்பினராக இருக்கும் பட்டறைகளுக்குக் குழாயில் அளவுமானி இருக்கிறது. வரவும் செலவும் ஓரளவு பொருந்தியாக வேண்டும். கணக்கில் வராத சிறு சலவைப்பட்டறைகள், பொத்தான், ஜிப்புக்குச் சாயம் ஏற்றும் கொட்டகைகள், வாடகை வீட்டில் பின்புறம் நடக்கும் பிரிண்டிங் ஆகியவைதான் இப்போதைய ஓட்டை. முறையாக நடத்துபவனுக்கு ஒரு லிட்டர் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை அவர்கள் சேமித்து, அதே வேலையைக் குறைந்த விலைக்கு எடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கும் அவர்கள்மேல் கோபம் உண்டு. அந்தக் கோபத்தை எழுத்தில் புகாராகக் கொடுக்கும் துணிவு எங்களில் பலருக்கு இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. அதைப் பிரித்து முழுவதையும் தொட்டிக்கே மறுபடி பயன்படுத்த முடியவில்லை. ஆற்றுக்குப் போகாத உப்பு எங்கேயும் மறைந்துவிடவில்லை. கூரைக்குக் கீழே காத்திருக்கிறது. கூரை பறந்தால் என்ன ஆகும் என்று மழைக்காலத்தில் நானே நினைப்பதுண்டு. மனுவில் அந்த உப்புக்கு ஒரு வழி கேளுங்கள். அதற்கு நானும் கையெழுத்திடுகிறேன்.

பழைய அளவுகோல்

பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உணர்ச்சிகளுக்கு நடுவே சில அளவுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நாளொன்றுக்கு 17 கோடி லிட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 70 கனஅடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒண்டிப்புதூரில் விடும் 70 கனஅடி திருப்பூரைத் தாண்டி உங்களுக்கு 70 ஆக வராது. வழியில் சூலூர், சாமளாபுரம் குளங்கள் இருக்கின்றன. திருப்பூரில் ஆண்டிபாளையம், மண்ணரை மூளிக்குளம் இருக்கின்றன. ஒவ்வோர் அணைக்கட்டும் தன் பங்கைத் திருப்பும். போதாக்குறைக்கு ஆற்றின் இரு கரையிலும் கிணற்று மோட்டார்கள் இருக்கின்றன. இதை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன். குளம் நிறைவதும் நிலத்தடி நீர் ஏறுவதும்கூட மீட்புதான். ஆனால் மனுவில் "ஆற்றில் விட வேண்டும்" என்று மட்டும் எழுதினால், ஒண்டிப்புதூரில் ஒரு குழாயைத் திறந்து படம் எடுத்து, கோரிக்கை நிறைவேறியது என்று கோப்பை மூடிவிடுவார்கள். எந்தெந்த இடத்தில், எந்த மாதத்தில், குறைந்தது எவ்வளவு ஓட வேண்டும் என்று எழுதுங்கள். அளவுகோல் நடாத ஆற்றைப் பற்றி எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

இரண்டாவது, தரம். வழக்கமான கழிவுநீர் நிலையம் அழுக்கைக் குறைக்கும். கரைந்த உப்பை எடுக்காது. நல்ல வேளையாகச் சிறுவாணி நீர் மென்னீர் என்பதால் கோவையின் சாக்கடையில் உப்பு, சாயக்கழிவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாக இருக்கும். குளங்களில் ஆகாயத்தாமரை மண்டுவது அதனால்தான். ஆண்டுதோறும் அதை வாரிக் கரையில் கொட்டிப் படம் எடுப்பதும், அடுத்த மழைக்கு அது திரும்பி வருவதும் வாடிக்கையாகிவிட்டது. வாருவதற்குச் செலவிடும் பணத்தில் பாதியை வாய்க்காலில் விழும் சாக்கடையைத் திருப்பச் செலவிட்டால் போதும்.

மூன்றாவது, சாயத்தொட்டி நண்பரின் வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. சுத்திகரித்த நகர நீரைத் தொழிலுக்குக் கொடுப்பதில் தவறில்லை, ஒரு நிபந்தனையோடு: அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ அவ்வளவு காவிரி நீரை எடுப்பதைக் குழாயின் தலையிலேயே குறைத்திருக்க வேண்டும். அப்படிக் குறைக்காமல் இரண்டையும் எடுத்தால், மறுபயன்பாடு என்ற பெயரில் ஆற்றிலிருந்து இரண்டு முறை எடுத்ததாக ஆகும். திருப்பூர் வளர்கிற வேகத்தில், கணக்கு கேட்க ஆள் இல்லையென்றால் இரண்டாவதுதான் நடக்கும்.

கொடுமணல் அம்மா சொன்னது சரி. அடிச்சேற்றைச் சோதித்து அகற்றாமல் அந்த அணையில் எந்த நீரையும் தேக்கக் கூடாது. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே கீழ்பவானிப் பாசனத்தின் கசிவு நீர் பள்ளங்கள் வழியே ஆற்றில் சேர்வதால் அங்கே நீர் ஓரளவு தெளிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதைக் கடைமடையார் வேண்டும் என்கிறார்கள், கசிவை நம்பியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அந்தச் சண்டையில் நொய்யலுக்காக வாய் திறந்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

காலிங்கராயன் பாசனம்

பொறியாளர் ஐயாவின் மூன்றாவது கருத்தை, குழாயின் தலையில் குறைப்பது என்ற நிபந்தனையை, முழு மனதோடு ஏற்கிறேன். அந்த வரி இருந்தால் எங்கள் பாசன சபைக் கூட்டத்தில் இந்த மனுவை வாசிக்க முயல்வேன். இது நொய்யல் மனு என்ற பெயரில் வந்தாலும், அந்த ஒரு வரியால் பவானிக்கும் நீர் மிஞ்சும். ஆனால் கோடையில் நொய்யலுக்காகப் பவானிசாகரைத் திறக்கச் சொல்லும் எதையும் நாங்கள் எதிர்ப்போம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கடைமடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வரைவைத் திருத்தினேன். "விற்காமல்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் இரண்டு பேர் இதற்காக என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் இடத்தில் வந்தது: "தொழிலுக்கு வழங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாகப் பவானி, காவிரியிலிருந்து எடுக்கும் நீரைக் குறைத்து, அதை மாதந்தோறும் வெளியிட வேண்டும், எஞ்சிய நீர் முழுவதும் ஆற்றுக்கே." ஒரத்துப்பாளையத்தின் சேறு அகற்றப்படும்வரை மதகை மூடக் கூடாது என்பது தனிக் கோரிக்கை. கலப்பு உப்புக்கும், கணக்கில் வராத பட்டறைகளுக்கும் ஒவ்வொரு பத்தி. பேரூர் நண்பரின் வாய்க்கால்கள் முதல் பக்கத்திலேயே வருகின்றன. கோடையில் பவானிசாகரைத் திறக்க நாங்கள் கேட்கவில்லை என்றும் எழுதிவிட்டேன்.

ஓட வேண்டிய அளவை மட்டும் எழுத முடியவில்லை. எங்களிடம் அளவே இல்லை. சித்திரை முடியும்வரை வாரம் ஒருமுறை ஆறு இடங்களில் நாமே பார்த்து எழுதினால் என்ன? பேரூர், சூலூர், சாமளாபுரம், திருப்பூர், ஒரத்துப்பாளையம், சின்னமுத்தூர். ஆழத்துக்கு ஒரு குச்சி, வேகத்துக்கு மிதக்க விட ஒரு தேங்காய் மட்டை, உப்புக்கு டி.டி.எஸ். பேனா. பாலத்தின் ஒரே தூணருகே, ஒரே நேரத்தில்.

அவிநாசிக் காட்டுக்காரன்

எங்கள் குட்டைக்கு வரும் குழாயிலும் அதே நாளில் அளந்து போடுகிறேன். நீங்கள் கேட்ட ஆறு இடங்களில் இது வராது. இருந்தாலும் ஏழாவதாக இருக்கட்டும்.

சாயத்தொட்டி

பேனாவை வாங்கியதும் நேராக ஆற்றில் முக்காதீர்கள். தரக்கரைசலில் வைத்துச் சரிபார்க்காவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண் காட்டும். எங்கள் பட்டறை ஆய்வகத்தில் கரைசல் இருக்கிறது. ஆறு பேனாக்களையும் நானே சரிபார்த்துத் தருகிறேன். திருப்பூர்ப் பாலத்தில் அளக்கும் வேலையையும் எனக்குக் கொடுங்கள். எண்ணை நான் திருத்துவேன் என்று சந்தேகம் வந்தால், உடன் ஓர் ஆளை அனுப்பி வையுங்கள்.

கொடுமணல் தோட்டம்

நான் வருகிறேன் அண்ணா. சனிக்கிழமை முதல் பேருந்துக்கு வந்தால் ஏழு மணிக்குப் பாலத்தில் இருப்பேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவருகிறேன். முதலில் அதை அளந்துவிட்டு ஆற்றுக்கு இறங்கலாம்.